சத்தம் இல்லாத ஓட்டோ

2022 மே 24, செவ்வாய்

இன்று முதல் பெற்றோல் லீற்றர் நானூற்று இருபது ரூபா. "விலையைக் கேட்டுக் கவலைப்பட, முதல்ல பெற்றோல் இருக்கவேணுமே" என்று அக்கா சிரித்தாள். இங்கே வேலணையில் பெற்றோல் செட்டுக்கு முன்னால் நான்கு நாளாகக் கயிறு கட்டியிருக்கிறது.

இந்தக் கொப்பியைத் தந்ததும் அக்காதான். "எழுதி வை. பிறகு சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்கிறாள். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். யார் எழுதுகிறார்கள் என்பது முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம்.

தேவமலர். நாற்பத்தொன்பது வயது. புங்குடுதீவில் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போய் நிறை பார்ப்பது, பிரசர் பார்ப்பது, பிறந்த பிள்ளைகளைப் பார்ப்பது என் வேலை. சனங்களுக்கு நான் மிஸ்ஸி. வீட்டிலிருந்து பத்துக் கிலோமீற்றர், அதில் பெரும் பங்கு கடலுக்கு நடுவே போகும் தாம்போதி. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாதை. கலியாணம் இல்லை. அம்மா படுத்த படுக்கையாக ஒன்பது வருடம் இருந்தா. பிறகு என் கலியாணத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அக்காவின் கணவர் காலமானபின் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்.

போதும்.

ஜூன் 3, வெள்ளி

பக்கத்து வீட்டுச் செல்வரத்தினம் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து அரைப் போத்தல் பெற்றோல் உறிஞ்சி எடுத்துத் தந்தார். "உங்களுக்கு எண்டபடியால் தாறன். பிள்ளைத்தாச்சியளை நினைச்சுத் தாறன்" என்றார். வாயில் பட்ட பெற்றோலைத் துப்பிக்கொண்டே சிரித்தார். அந்த அரைப் போத்தலில் ஆறு வீடு பார்த்தேன்.

ஜூன் 10, வெள்ளி

பெற்றோல் இல்லை. புங்குடுதீவின் மறுகரையில் இருக்கும் நான்கு வீடுகளுக்குப் போக முடியவில்லை. தொலைபேசியில் கேட்டேன். நிரோசினிக்குத் தலைப்பிள்ளை. கணவன் கட்டாரில், தாயோடு இருக்கிறாள். "நான் சுகமா இருக்கிறன் மிஸ்ஸி, நீங்கள் அலையாதேங்கோ" என்றாள். நல்ல பிள்ளை. பதிவில் 'தொலைபேசி மூலம்' என்று எழுதினேன்.

ஜூன் 20, திங்கள்

ஸ்கூட்டி முற்றாக வறண்டுவிட்டது. பின்கட்டில் கிடந்த அக்காவின் சைக்கிளை எடுத்துத் துடைத்தோம். இரண்டு தியூப்பும் மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர் ஒன்றுதான் இருக்கு என்றார். மற்றதற்கு நான்கு ஒட்டு. படித்த காலத்தில் சைக்கிளில் பறந்தவள்தான் நான். இன்று ஒழுங்கை முடிவதற்குள் முழங்கால் கத்தியது. அக்கா படலையில் நின்று கைதட்டினாள்.

ஜூன் 24, வெள்ளி

சோளகம் தொடங்கிவிட்டது. காற்றுத் தென்மேற்கிலிருந்து வருகிறது. காலையில் போகும்போது முகத்தில் அடிக்கும், பின்னேரம் திரும்பும்போது முதுகைத் தள்ளும். தாம்போதியில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனேன். மூன்று வீடு பார்க்கவே பகல் ஒரு மணி ஆகிவிட்டது. மறுகரைக்கு இன்றும் போகவில்லை.

திரும்பும்போது ஒரு மிதிகூட மிதிக்காமல் அரைவாசித் தூரம் காற்றே கொண்டுவந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் 28, செவ்வாய்

ஜூலை பத்து வரைக்கும் தனியார் வாகனங்களுக்குப் பெற்றோலே இல்லையாம். றேடியோவில் சொன்னார்கள்.

ஜூலை 1, வெள்ளி

இன்று ஒரு ஓட்டோ என்னைக் கொல்லப் பார்த்தது.

தாம்போதியின் நடுவில் தலையைக் குனிந்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. திடீரென்று வலது தோளுக்குப் பக்கத்தில் ஒரு நீல ஓட்டோ. நான் அலறியதில் சைக்கிள் ஒரு பக்கம், பை ஒரு பக்கம், பிரசர் பார்க்கும் கருவி கல்லின்மேல்.

ஓட்டோக்காரர் இறங்கி ஓடிவந்தார். "என்ன மிஸ்ஸி, பயந்திட்டீங்களோ?"

"பயப்படாமல்? ஹோன் அடிச்சிருக்கலாம்தானே!"

"ஹோனுக்கு இன்னும் வயர் குடுக்கேல்லை."

"எஞ்சின் சத்தமாவது கேக்கவேணுமே!"

"எஞ்சினும் இல்லை" என்றார்.

பின்பக்க மூடியைத் திறந்து காட்டினார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மோட்டர். ஆசனத்துக்குக் கீழே நான்கு பெரிய பற்றரிகள். பெயர் தில்லைநாதன். முகம் தெரியும். குறிகாட்டுவான் இறங்குதுறையில் குளிர்களி விற்கும் கூல்பார் அவருடையது. முன்பு படகு எஞ்சின் திருத்தியவர். நயினாதீவுக் கோயிலுக்குப் போகும் சனம் நின்றுபோனதால் கூல்பார் பூட்டு. கூரையில் சூரியத்தகடுகள் மட்டும் சும்மா வெயில் குடித்துக்கொண்டு கிடந்தனவாம். பட்டினத்தில் மூடிப்போன ஒரு ஹோட்டலில் விருந்தாளிகளை ஏற்றித் திரிந்த பற்றரி வண்டியைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, அதன் மோட்டரைத் தன் ஓட்டோவுக்குள் வைத்திருக்கிறார். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்க வேலணைக்கு வந்து திரும்புகிறார்.

"முதல் ரெண்டு தரமும் புகைஞ்சது. இது மூண்டாவது. பயமில்லாட்டி ஏறுங்கோ."

பயமாகத்தான் இருந்தது. காற்று அதைவிடப் பயங்கரம். சைக்கிளைப் பின்னால் கட்டினார். ஏறினேன்.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "உங்களை விழுத்தினதுக்கு நான்தான் தரவேணும்" என்றார்.

கருவி பழுதாகவில்லை. அதற்கு முதல் நன்றி. தில்லைநாதன் அண்ணைக்கு இரண்டாவது.

ஜூலை 5, செவ்வாய்

தில்லைநாதன் அண்ணை பதினொரு மணிக்குத் தாம்போதி முடிவில் நின்றார். காலைவெயிலில் பற்றரி ஓரளவு ஏறியபின்தான் அவரால் புறப்பட முடியும். கடைசியில் மறுகரை வீடுகளுக்குப் போனேன்.

நிரோசினிக்கு முப்பத்தைந்தாவது கிழமை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. பிரசர் நூற்று ஐம்பதுக்கு நூறு. மூன்று தரம் பார்த்தேன். சிறுநீரில் புரதம். மூன்றும் சேர்ந்தால் வலிப்பு வரும் அபாயம்.

தாய் சரோஜா, "வெய்யிலுக்கு வீங்குது எண்டு நினைச்சம் மிஸ்ஸி" என்றா.

அதே ஓட்டோவில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள்.

ஜூன் 10. ஜூன் 24. நான் போகாத நாட்கள்.

ஜூலை 8, வெள்ளி

நிரோசினி வீட்டுக்கு வந்துவிட்டாள். பிரசருக்குக் குளிசை கொடுத்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் பிரசர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்பேன். தவழ்ந்து போயாவது பார்ப்பேன்.

ஜூலை 13, புதன்

என் வேலைநேரம் மாறிவிட்டது. காலையில் சைக்கிளில் போய் இக்கரை வீடுகள். பதினொன்றுக்குமேல் ஓட்டோவில் மறுகரை. தாய்மாருக்கும் இது பழகிவிட்டது. "வெய்யில் ஏறீட்டுது, மிஸ்ஸி வரப்போறா" என்று குளித்துவிட்டு இருக்கிறார்கள்.

ஓட்டோ மணித்தியாலத்துக்கு இருபதோ இருபத்திரண்டோ தான் ஓடும். சத்தம் இல்லாததால் கதைக்கலாம். தில்லைநாதன் அதிகம் கதைக்கிறவர் இல்லை. இன்று கதைத்தார். மனைவி இறந்து ஆறு வருடம். புற்றுநோய். பிள்ளைகள் இல்லை. தனியாகச் சமைக்கப் பழகிய கதையைச் சொன்னார். முதல் கிழமை வைத்த குழம்பை நாயும் திரும்பிப் பார்க்கவில்லையாம். நான் சிரித்த சிரிப்பில் வயலில் நின்ற கொக்குகள் எழும்பிவிட்டன.

மதியம் வாழையிலையில் கட்டிய புட்டும் கணவாய்க் கறியும் தந்தார். நாய்க்குக் கொடுக்காமல் முழுவதும் சாப்பிட்டேன்.

இந்த மாதமும் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமா வரவில்லை. மூன்று பேருக்கு நிறை ஏறவில்லை. அக்கா தன் பென்சனில் பயறு வாங்கி வறுத்து அரைத்துப் பொதி கட்டினாள். கேட்காமலே செய்தாள்.

ஜூலை 16, சனி

வானம் மப்பு, வெயிலே இல்லை. ஓட்டோ வரவில்லை. சைக்கிளிலேயே நிரோசினி வீட்டுக்குப் போனேன். போக ஒன்றே முக்கால் மணித்தியாலம். பிரசர் நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. கடவுளே, அப்படியே நில்.

"ஏன் அந்தாளின்ரை போன் நம்பர் இல்லையோ உனக்கு?" என்று அக்கா கேட்டாள். இருக்கிறது. மப்பு நாளில் கூப்பிட்டு அவரைச் சங்கடப்படுத்துவானேன்.

ஜூலை 19, செவ்வாய்

ஆஸ்பத்திரி விறாந்தையில் நீள வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரம் மாலை ஐந்து.

காலை பதினொன்றரைக்கு நிரோசினி வீட்டுக்குப் போனோம். அவள் கட்டிலில் கண்ணைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். விடியத் தொடக்கம் தலையிடி. "கண்ணுக்கு முன்னால மின்னுது மிஸ்ஸி" என்றாள். பிரசர் நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து.

அம்புலன்சுக்குப் போன் எடுத்தேன். பக்கத்தில் நின்றது, விபத்துப்பட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்தது வர ஒன்றரை மணித்தியாலம். டொக்டருக்கு எடுத்தேன். சத்திரசிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போகச் சொன்னார். வலிப்பு வருவதற்குள்.

வெளியே வந்து தில்லைநாதனைக் கேட்டேன். "பெரியாஸ்பத்திரி மட்டும் ஓடுமோ?"

அவர் குனிந்து பற்றரி முள்ளைப் பார்த்தார். "இருபத்தெட்டுக் கிலோமீற்றர். நான் இதுவரைக்கும் ஒரேயடியா இருபத்திரண்டுதான் ஓடினனான். இண்டைக்குப் பற்றரியும் முழுக்க ஏறேல்லை." பிறகு, "காத்து எங்களுக்குப் பின்னால. பாரத்தைக் குறைச்சால் போகலாம்" என்றார்.

மேலதிக ரயர், திருத்த வேலை ஆயுதப் பெட்டி, பின்னால் கட்டியிருந்த என் சைக்கிள் எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கினார். பக்கத் திரைகளைக் கழற்றினார். தன் செருப்பையும் கழற்றி வைத்தார். அதில் என்ன பாரம் என்று கேட்க எனக்கு நேரமில்லை.

சரோஜா துணிப்பையோடு ஏற வந்தா. அவர் கையை நீட்டித் தடுத்தார். "அம்மா, நீங்கள் வரேலாது. மிஸ்ஸியும் பிள்ளையும் மட்டும்தான்."

"ஒரே பிள்ளை தம்பி எனக்கு."

"அதுக்காகத்தான் சொல்லுறன் அம்மா."

அவ ஒரு கணம் அவரைப் பார்த்தா. துணிப்பையை என் மடியில் வைத்தா. "உங்களிட்டை விடுறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டா. முகத்தைக் காட்டவில்லை.

நிரோசினியை இடதுபக்கமாகப் படுக்கவைத்துத் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். புங்குடுதீவுத் தாம்போதியில் சோளகம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. தில்லைநாதன் இறக்கம் வரும் இடமெல்லாம் மோட்டரை நிறுத்தி உருளவிட்டார். வேலணை. அல்லைப்பிட்டி. நிரோசினி இடைக்கிடை "மிஸ்ஸி, பிள்ளை துடிக்குதோ?" என்று கேட்டாள். வயிற்றில் கைவைத்துத் "துடிக்குது" என்றேன். ஒவ்வொரு முறையும் அது உண்மையாக இருந்தது.

மண்டைதீவுச் சந்தி தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது ஓட்டோவின் வேகம் நடை வேகமானது. பிறகு நின்றுவிட்டது. அவர் திறப்பைத் திருப்பினார். இன்னொரு தரம் திருப்பினார். இறங்கிப் பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினார். வெறுங்கால். தார் கொதிக்கும் நேரம்.

பட்டினத்துப் பெற்றோல் செட்டின் வரிசை இன்று பாலம் வரைக்கும் வந்திருந்தது. நேற்றிலிருந்து நிற்கும் மோட்டார் சைக்கிள்கள். நிழலுக்குக் குடை கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். நான் தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. ஒருவன் எழும்பினான். மஞ்சள் பெனியன், முப்பது வயது இருக்கும். ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தான். திரும்பி, "டேய், பிள்ளைத்தாச்சி! எல்லாரும் வாங்கோடா!" என்றான்.

வந்தார்கள். எட்டோ, பத்தோ. இரண்டு நாள் காத்திருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். தில்லைநாதனை முன்னால் ஏறி ஹாண்டிலைப் பிடிக்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். "அண்ணை, நீங்கள் பிடிச்சால்தான் நேராப் போகும், ஏறுங்கோ!" என்று தூக்கி இருத்தினார்கள். பிறகு ஓடினார்கள். வரிசையில் தூரத்தில் நின்றவர்களும் வந்து கை மாற்றினார்கள். களைத்தவன் விலக, அடுத்தவன் பிடித்தான். யாரோ ஒரு தண்ணீர்ப் போத்தலை என் கையில் திணித்தார்கள். ஓட்டோ இன்று ஓடிய வேகத்திலேயே அதுதான் அதிகமாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி காத்திருந்தது. டொக்டர் சொல்லி வைத்திருந்தார். நிரோசினி உள்ளே போகும்வரை அந்தப் பெடியள் கலையவில்லை. மஞ்சள் பெனியன்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு, "அக்கா, உங்கட நம்பரைத் தாங்கோ. என்ன பிள்ளை எண்டு கேக்கவேணும்" என்றான்.

மூன்று இருபதுக்குச் சத்திரசிகிச்சை மூலம் பெண் பிள்ளை. இரண்டு கிலோ முந்நூறு. தாய்க்கு வலிப்பு வரவில்லை. பிரசர் இறங்குகிறது. சரோஜாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தத் தம்பி சாப்பிட்டவரோ?" என்று கேட்டா.

அவர் சாப்பிடவில்லை. காலின் கீழ் இரண்டு கொப்புளம். மருந்து வைத்துக் கட்டினேன். கட்டும்போது, இந்தக் கொப்பியில்கூட முழுதாக எழுதாததை அவரிடம் சொன்னேன். ஜூன் மாதம் இரண்டு தரம் நான் அவளைப் பார்க்கவில்லை. பெற்றோல் இல்லாதது உண்மை. ஆனால் இருபத்துநாலாம் திகதி சைக்கிளில் போயிருக்கலாம். முழங்கால் நோகிறது என்று திரும்பி வந்தேன். அன்றே பிடித்திருந்தால் இவ்வளவும் வந்திராது.

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போல.

"பிழைதான்" என்றார். பிறகு, "அதுக்குப் பிறகு ஒரு நாளும் விடேல்லையே. மப்பு நாளிலையும் சைக்கிள்ல போனீங்களாம், சரோஜாம்மா சொன்னவ. ஏன் என்னைக் கூப்பிடேல்லை? நானும் வந்து மாறி மாறி மிதிச்சிருப்பனே" என்றார்.

இதை எழுதும்போது அவர் பக்கத்து வாங்கில் இருந்தபடியே நித்திரை. ஓட்டோவின் பற்றரிக்கு ஆஸ்பத்திரிக் காவலாளி தன் அறையிலிருந்து வயர் இழுத்து மின்சாரம் கொடுத்திருக்கிறார்.

எத்தனை பேருக்கு நன்றி சொல்வது. பலரின் பெயரே எனக்குத் தெரியாது.

ஜூலை 21, வியாழன்

மஞ்சள் பெனியன்காரன் போன் எடுத்தான். பெயர் கஜீபன். "பொம்பிளைப் பிள்ளையோ! அப்பிடிப் போடுங்கோ!" என்று பக்கத்தில் யாருக்கோ கத்திச் சொன்னான். அங்கே கைதட்டல் கேட்டது.

"உங்கட இடம் போயிருக்குமே தம்பி?" என்றேன்.

"இல்லை அக்கா. திரும்பிப் போய்ப் பாத்தால் ஒருத்தரும் முன்னுக்குப் போகேல்லை. எங்கட மோட்டார் சைக்கிளுகளைத் தாங்களே உருட்டிக்கொண்டு வந்து எங்கட இடத்தில விட்டிருந்தினம். நேற்றுப் பெற்றோலும் கிடைச்சுது."

ஆகஸ்ட் 2, செவ்வாய்

பெற்றோலுக்கு இனிக் கியூ.ஆர். அட்டை. கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளவு. எனக்கும் பதிந்தாயிற்று.

நிரோசினியின் வீட்டுக்கு ஓட்டோவில் போனோம். பிள்ளை பால் குடிக்கிறது, நிறை ஏறுகிறது. சரோஜா எங்கள் இருவருக்கும் நண்டுக் கறியோடு சோறு தந்தா. அவருக்கு இரண்டாம் தரமும் போட்டா. அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

அக்கா இன்று ஒரு மாதிரிப் பார்த்தாள். "முந்தித் தில்லைநாதன் அண்ணை எண்டு சொல்லுவாய். பிறகு தில்லைநாதன் எண்டாய். இப்ப வெறும் 'அவர்' எண்டுறாய். அவர் எண்டால் ஆர்?"

"உனக்கு இலக்கணம் படிப்பிச்ச பழக்கம் போகேல்லை" என்றேன்.

ஆகஸ்ட் 17, புதன்

பெற்றோல் கிடைத்தது. வரிசையில் முக்கால் மணித்தியாலம்தான். ஸ்கூட்டி இருமிவிட்டுக் கிளம்பியது.

ஆகஸ்ட் 18, வியாழன்

ஸ்கூட்டியில் போனேன். ஒன்பது மணிக்கே எல்லா வீடும் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடித்துவிட்டேன். இனி ஓட்டோ தேவையில்லை என்று அவருக்குப் போனில் சொன்னேன். பயணம் சுலபம். நன்றி.

ஆகஸ்ட் 22, திங்கள்

பன்னிரண்டுக்கே வேலை முடிந்தது. எங்கேயும் போகவில்லை. இரவில் அக்கா, "சோறு இறங்கேல்லையோ?" என்றாள். வெக்கை என்றேன்.

ஆகஸ்ட் 25, வியாழன்

ஸ்கூட்டியின் பிளக்கில் ஏதோ கோளாறு போல இருந்தது. சைக்கிளில் போனேன். பதினொரு மணிக்குத் தாம்போதி முடிவில் ஓட்டோ இல்லை. அவர் ஏன் நிற்க வேண்டும்? நான்தானே இனித் தேவையில்லை என்று சொன்னேன். அரை மணித்தியாலம் நிழலில் நின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

அக்கா செல்வரத்தினத்தைக் கூப்பிட்டு ஸ்கூட்டியைப் பார்க்கச் சொன்னாளாம். அவர் ஒரு உதையில் ஸ்டார்ட் செய்தாராம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

ஆகஸ்ட் 27, சனி

விடுமுறை. இருந்தும் குறிகாட்டுவானுக்குப் போனேன்.

படகுகள் மறுபடி ஓடுகின்றன. நயினாதீவுக்குப் போகும் சனம் வரத் தொடங்கிவிட்டது. கூல்பார் திறந்திருந்தது. அவர் குளிர்களி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டி கையில் இருந்தபடியே நின்றுவிட்டார். வரிசையில் நின்ற ஒருவர், "அண்ணை, உருகுது" என்றார்.

கூட்டம் படகில் ஏறிப் போனபின் வெளியே வந்து வாங்கில் இருந்தார். நடுவில் ஒரு ஆள் இருக்கும் இடம் விட்டு.

"ஸ்கூட்டி ஓடுது. நல்லது மிஸ்ஸி. இனி உங்களுக்கு ஓட்டோ தேவைப்படாது."

"தேவையெண்டுதான் ஏறினனான் எண்டு நினைச்சீங்களோ?"

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. சொன்னபிறகு கடலைப் பார்த்தேன். அவரும் கடலைத்தான் பார்த்தார்.

"எனக்கு அம்பத்தஞ்சு வயசு" என்றார்.

"எனக்கு நாப்பத்தொன்பது. கேக்கேல்லையே நீங்கள்."

"நான் கேக்கவேண்டியது வேற" என்றார். பிறகு கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவளைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கேயும் வரமாட்டேன் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன, நான் அங்க வாறன். கூல்பாருக்கு ரெண்டு தகடு போதும். மிச்சத்தை உங்கட கூரையில பூட்டினால் வீட்டுக்கும் ஓட்டோவுக்கும் காணும்."

இருபத்திரண்டு வருடம் எத்தனையோ பெண்களிடம் பயப்படாமல் மூச்சு விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லை. நானே விட்டுக்கொண்டேன்.

ஓம் என்றேன்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். "ஒரு மாசமா உன்ரை வாயால வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றாள். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். அழுதுகொண்டு பயத்தம் பணியாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 15, வியாழன்

கலியாணப் பதிவு முடிந்தது. சாட்சிக் கையெழுத்து அக்காவும் செல்வரத்தினமும். கஜீபன் நல்லூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான், பெற்றோலைச் செலவழித்துக்கொண்டு. நிரோசினி பிள்ளையோடு வந்தாள். பிள்ளை பதிவாளரின் மேசையில் கிடந்து முழு நேரமும் கத்தியது. பதிவாளர் என் தொழிலைக் கேட்டு எழுதும்போது, "சத்தத்திலேயே விளங்குது" என்றார்.

ஓட்டோவில் ஏறும்போது அவர் என்னை முதல்முறை "மலர்" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

செப்டம்பர் 18, ஞாயிறு

காலையிலிருந்து கூரையில் நின்று தகடு பூட்டினார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு, எங்கே கால் வைக்க வேண்டும் என்று கத்தினாள். அவர் "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்றபடியே வைத்தார். ஒழுங்கைச் சனம் முழுவதும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தது.

பின்னேரம் ஆறரைக்கு வழக்கம்போல மின்சாரம் நின்றது. ஓட்டோவின் பற்றரியால் எங்கள் வீட்டில் மட்டும் வெளிச்சம். முதலில் செல்வரத்தினத்தின் மகள் பரீட்சைக்குப் படிக்கப் புத்தகத்தோடு வந்தாள். பிறகு போன் சார்ஜ் போட இரண்டு பேர். பிறகு ஆஸ்துமாக்காரத் தங்கம்மா, மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்கும் மெசினோடு. அதை மேசையில் வைத்து வயரைச் செருகிக் கொடுத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். வீட்டில் பதினொரு பேர்.

எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். சீனி போதவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை. அவர் கூரைத் தூசி படிந்த கையோடு தட்டத்தை என்னிடமிருந்து வாங்கி, ஒவ்வொருவராகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.